இன்னும் பிறக்காத நானூறு பங்குகள்

புந்தாரேனாஸ்,
8 பிப்ரவரி 1966

தம்பி எவேலியோ,

லாரி எங்கே என்று கேட்க மாட்டேன். அது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாய். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, சான் ஹோசே வரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே சரக்கு ரயிலில் ஏற்றி நாட்டின் மறுபக்கக் கடற்கரைக்கு, லிமோனுக்கே கொண்டுபோய்விட்டாய். ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் கஷ்டமா என்ன? என் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு: "அப்பா சொத்தில் என் பாதியை எடுத்துக்கொண்டேன்."

திங்கட்கிழமை காலை பதினொரு இறால் படகுகள் ஐஸுக்குக் காத்திருந்தன. லாரி இல்லாமல் ஐஸ் பார்களைக் கைவண்டியில் வைத்துத் துறைக்குத் தள்ளினோம். பாதி வழியிலேயே கால்வாசி உருகிவிட்டது. இரண்டு படகு வைத்திருக்கிறாளே ஃபிலொமேனா, அவள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏம்மா ஓதீலியா, உன் தம்பி பாதியத்தானே எடுத்தான்? முன்பக்கமா, பின்பக்கமா?" துறையே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இப்போது சிரிக்காமல் சொல்கிறேன், கேள். அந்த லாரி அப்பாவுடையது இல்லை. என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. அது கம்பெனியுடையது. அப்பா 1946-இல் தன் பணத்தைப் போட்டு இந்த ஐஸ் ஆலையை ஒரு கம்பெனியாகப் பதிவுசெய்த அன்றைக்கே அந்தப் பணம் அவருடையதாக இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக அவர் கையில் அறுநூறு பங்குகள் வந்தன. போகும்போது உனக்கு முந்நூறு, எனக்கு முந்நூறு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். அந்த முந்நூறில் ஒரு டயர்கூடக் கிடையாது.

லாரியைத் திருப்பி அனுப்பு. போலீஸுக்குப் போக மாட்டேன். ஆனால் மன்னிக்கவும் இல்லை.

உன் அக்கா,
ஓதீலியா


லிமோன்,
19 பிப்ரவரி 1966

அக்கா,

உன் கடிதத்தை மெர்லீன் எனக்கு முந்தியே படித்துவிட்டாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போனாள். என் பெண்டாட்டி ஒன்றும் சொல்லாமல் போனால் நான் தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். ஆறு வருடக் கல்யாணத்தில் இதைத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் என் பக்கத்தையும் சொல்ல விடு. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஐஸ் பார் இழுத்தவன் நான். ஐஸை மூடிவைக்கும் அந்த மரத்தூள் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. என் பாதியைக் கொடு என்று நாலு முறை எழுதினேன். நாலு முறையும் "தர முடியாது" என்று ஒரே வரி. இங்கே நான் இரண்டு குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். மழை பெய்தால் சின்னவளின் கட்டிலை நகர்த்த வேண்டும். கையில் முந்நூறு பங்கு இருக்கிறது, தலைக்குமேல் ஒரு தகரம் வாங்க முடியவில்லை. ஒரு லாரி இருந்தால் வாழைத்தாராவது ஏற்றலாம் என்று நினைத்தேன்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். "கோயில் கட்ட நன்கொடை கொடுத்தவன் ஒருத்தன், ஞாயித்துக்கிழம வந்து ஒரு பெஞ்சத் தூக்கிட்டுப் போனா என்ன சொல்லுவீங்க? அதத்தான் நீங்க பண்ணியிருக்கீங்க. உங்க அக்கா போலீஸுக்குப் போகலையே, அதுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க" என்றார்.

லாரி அடுத்த வாரம் ரயிலில் வரும். வக்கீல் சொன்னதற்காக இல்லை, மெர்லீன் இன்னும் பேசவில்லை, அதற்காக.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. பொருளைத் தொட முடியாது. அப்படியானால் என் கையில் இருப்பதுதான் என்ன?

எவேலியோ


புந்தாரேனாஸ்,
6 மார்ச் 1966

தம்பி,

லாரி வந்தது. பின்னால் ஒரு மூட்டை தேங்காயும் இருந்தது. அது யார் வேலை என்று தெரியும், மெர்லீனுக்கு என் நன்றியைச் சொல்.

நீ கேட்டது நல்ல கேள்வி. நானே கெசாடா வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதுகிறேன். உன் கையில் நாலு விஷயம் இருக்கிறது. பொதுக்குழு கூடினால் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. லாபம் பிரித்தால் அதில் உன் பங்கு. கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடினால், கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சுவதில் உன் பங்கு. நாலாவதைக் கொஞ்சம் கவனமாகப் படி, அதற்காகத்தான் இந்தக் கடிதமே: கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டால், வெளி ஆட்களைக் கேட்பதற்கு முன்னால் உன்னைக் கேட்க வேண்டும்.

ஐஸ் மெஷினின் கம்ப்ரஸர் பழுதாகிவிட்டது, எவேலியோ. சிலிண்டரில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அமோனியா வாடையில் கண் எரிகிறது. மெக்கானிக் நிக்கானோர் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மழைக்காலம் வரைக்கும் ஓடும்மா. அதுக்கப்புறம் இதுக்கு நீங்க சாவுப் பூசை வைக்கலாம்" என்றான். புதிதாக வாங்கப் பணம் இல்லை. வங்கி மேலாளர் எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பத்திரத்தை எடுத்துப் படித்தேன். அப்பா பதிவுசெய்தது ஆயிரம் பங்கு. அதில் வெளியிட்டது அறுநூறுதான். மீதி நானூறு எங்கேயோ பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "பெட்டியில எதுவும் இல்லம்மா. அந்த நானூறு இன்னும் பொறக்கவே இல்ல. யாராவது பணம் போட்டு வாங்கினாத்தான் அதுக்கு உயிரு. பேரு மட்டும் முன்னாடியே வெச்சிருக்காரு உங்கப்பா."

அந்த நானூறையும் படகுக்காரர்களுக்கு விற்கலாம் என்று நினைக்கிறேன். ஐஸ் இல்லாமல் அவர்கள் பிழைப்பு இல்லை. முதல் உரிமை நமக்குத்தான், உனக்கு இருநூறு, எனக்கு இருநூறு. என்னிடம் பணம் இல்லை. உன்னிடமும் இல்லை என்று தெரியும். நீ வேண்டாம் என்று கையெழுத்திட்டால்தான் அவர்களுக்குப் போகும். உன் முந்நூறும் என் முந்நூறும் சரிக்குச் சரி என்பதால், நீ மறுத்தால் ஒன்றும் நடக்காது.

யோசித்துச் சொல்.

அக்கா


லிமோன்,
17 மார்ச் 1966

அக்கா,

யோசித்தேன். முடியாது.

இன்றைக்கு நான் அறுநூறில் முந்நூறு, சரிபாதிக்காரன். நீ சொல்வதைச் செய்தால் ஆயிரத்தில் முந்நூறு. ஒரு பங்குகூட விற்காமல் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றுக்கும் கீழே போகிறேன். இதென்ன மந்திரம்? பட்டறையில் ஒரு போல்ட்டை யாராவது இப்படித் தேய்த்தால் அடி விழும்.

விலை வேறு. பத்திரத்தில் ஒரு பங்கு நூறு கொலோன் என்று இருக்கிறது. அது இருபது வருடத்துக்கு முன்னால் அச்சடித்தது. அன்றைக்கு வெறும் மணல்மேடு. இன்றைக்கு அங்கே கட்டடம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, அப்பாவின் பேர் இருக்கிறது. நேற்று வந்தவனுக்கும் அதே நூறு என்றால் நம் இருபது வருடத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இதை மெர்லீனிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செத்துப்போன மெஷின்ல பாதி வேணுமா, ஓடுற மெஷின்ல முப்பது வேணுமா?" என்றாள். "அது வேற கணக்கு" என்றேன். "அப்போ அந்தக் கணக்க எனக்குச் சொல்லு" என்றாள்.

விரிசல் என்று நிக்கானோர் சொன்னால் போதாது, நான் பார்க்க வேண்டும். புனித வாரத்துக்குப் பட்டறை விடுமுறை. வருகிறேன்.

எவேலியோ


புந்தாரேனாஸ்,
16 ஏப்ரல் 1966

தம்பி,

விரிசலில் நீ போட்டுவிட்டுப் போன பற்றவைப்பு தாங்குகிறது. எட்டு நாளாக வாடை இல்லை. நிக்கானோர் அதைப் பார்க்க வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, "பாருங்க, தையல் போட்ட மாதிரி இருக்கு" என்கிறான். ஆனால் இதுவும் தற்காலிகம்தான் என்று நீயே சொன்னாய்.

பெரிய வெள்ளிக்கிழமை நான் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். "சாவுக்கு வந்தே, லாரிக்கு வந்தே, மத்த நாள்ல எங்க போனே?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அதுவும் நீ கையெல்லாம் கரியாக நின்றுகொண்டிருந்தபோது. நீ லிமோனுக்குப் போனது எங்களை விட்டு ஓடுவதற்காக இல்லை, அப்பா உன்னைச் சம்பளம் இல்லாத கூலியாக வைத்திருந்ததால்தான். எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். ஆனால் நீ போன பிறகு அந்த ஆலையோடு தனியாகக் கிடந்தவள் நான். இருபத்துமூன்று வயதிலிருந்து. அந்தக் கோபம் வேறெங்கும் போக வழியில்லாமல் உன்மேல் விழுந்தது. நீ விடைபெறாமலே சனிக்கிழமை காலை ரயிலேறிவிட்டாய். உன் தட்டில் வைத்த மீன் அப்படியே இருந்தது.

இனி வேலை. விலை விஷயத்தில் நீ சொன்னது சரி. வக்கீலும் ஒத்துக்கொண்டார். பத்திரத்தில் போட்ட நூறு என்பது அதற்குக் கீழே விற்கக் கூடாது என்பதற்காகத்தானாம், மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். படகுக்காரர்களைக் கூப்பிட்டு நூற்றைம்பது என்றேன். கொதித்துவிட்டார்கள்.

ஃபிலொமேனா எழுந்து, "நூத்தம்பதா? தாள்ல நூறுன்னுதானே போட்டிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள்.

"உங்க பெரிய படகு வாங்கினப்ப எவ்வளவு?" என்றேன்.

"அது இருக்கும் எட்டாயிரம்."

"இப்ப அதே எட்டாயிரத்துக்கு எனக்குக் குடுப்பீங்களா?"

"நான் என்ன பைத்தியமா? புது எஞ்சின் போட்டிருக்கேன், வலை மாத்தியிருக்கேன்."

"நாங்களும் இருபது வருஷமா மாத்தியிருக்கோம்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இந்தக் குடும்பத்துக்கிட்ட பேரம் பேசக் கூடாது" என்று உட்கார்ந்துவிட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வற்புறுத்தவில்லை.

அக்கா


லிமோன்,
9 மே 1966

அக்கா,

கையெழுத்திட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் இருநூறுக்கான முதல் உரிமை வேண்டாம். மூன்று வாரம் தாமதித்ததற்குக் காரணம் இருக்கிறது. உன்னிடம் மறைத்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

டான் அமாதேயோ இங்கே வந்திருந்தார். உனக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான், இறால் ஏற்றுமதிக்காரர், துறையின் வடக்குப் பக்கம் சொந்த ஐஸ் மெஷின் வைத்திருக்கிறாரே, அவரேதான். வெள்ளைத் தொப்பியோடு என் வாடகை வீட்டுக்குள் குனிந்து வந்தார். என் முந்நூறு பங்குக்கும் பங்கொன்றுக்கு முந்நூறு கொலோன் தருவதாகச் சொன்னார். அக்கா, அது ஒரு வீடு. சிமெண்ட் வீடு. கேட்டதும் மெர்லீன் உட்கார்ந்துவிட்டாள்.

யோசிக்க நேரம் கேட்டேன். இரண்டு வாரம் யோசித்தேன். உனக்குத் தெரியாமல் யோசித்தேன் என்பதுதான் வெட்கம்.

அவர் மறுபடி வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன். "வாங்கி என்ன பண்ணப்போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். அவர் அதை மறைக்கக்கூட இல்லை. "பாதி என்கிட்ட இருந்தா உங்க அக்கா புதுப் பங்கு விக்க முடியாது. புது மெஷின் வாங்க முடியாது. நான் சும்மா உக்காந்திருந்தாப் போதும். மழைக்காலத்துல உங்க மெஷின் நின்னுடும். படகெல்லாம் என் ஐஸுக்குத்தான் வரணும்."

என் பாதி, பாதி என்று நான் கத்திக்கொண்டிருந்தேனே, அதை வேறொருவர் வாயால் கேட்டபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. எதையும் செய்யவிடாமல் நிறுத்தி வைக்கும் பலம். அதற்குத்தான் ஒரு வீடு விலை.

நான் விரிசலைப் பற்றவைத்துக்கொண்டிருந்த அன்று ஃபிலொமேனா அரிசியும் சிப்பியும் சமைத்து எடுத்துவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "தாங்குமா?" என்று கேட்டாள். ஐஸ் வாங்க வந்தவள் அந்தக் குரலில் கேட்க மாட்டாள். நானே அன்றைக்கு அந்த அளவு கவலைப்படவில்லை. அவள் கேட்கிற பன்னிரண்டு பங்கு அவளிடமே இருக்கட்டும்.

டான் அமாதேயோவுக்கு மெர்லீன் ஒரு துண்டு மசாலா ரொட்டி கொடுத்து அனுப்பிவைத்தாள். வாசலில் நின்று, "தலைய இடிச்சுக்காம போங்க" என்றாள். அவர் இடித்துக்கொண்டுதான் போனார்.

பெரிய வெள்ளிக்கிழமை நீ சொன்னது பற்றி: பாதி உண்மை. அதனால்தான் ரொம்ப வலித்தது. மீனைச் சாப்பிடாமல் வந்ததற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

எவேலியோ


புந்தாரேனாஸ்,
30 ஜூலை 1966

தம்பி,

புதுக் கம்ப்ரஸர் ஓடுகிறது. நானூறும் விற்றுத் தீர்ந்தது. நாற்பத்தொரு புதுப் பங்குதாரர்கள். ஒரு பங்கு வாங்கியவன்கூட வந்து மெஷினைத் தட்டிப் பார்த்து, "நல்லா பாத்துக்கம்மா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறான்.

உன் பிரச்சினைக்கும் ஒரு வழி இருக்கிறது. போட்ட பணத்தைக் கம்பெனியிடம் திருப்பிக் கேட்க முடியாதுதான். ஆனால் உன் பங்கை நீ யாருக்கும் விற்கலாமே. டான் அமாதேயோவுக்கு மொத்தமாக விற்கத் தேவையில்லை. நிக்கானோரும் அவன் மச்சான்களும் புது வெளியீட்டில் கிடைக்கவில்லையே என்று அலைகிறார்கள். ஐம்பது பங்கை அவர்களுக்குக் கொடு. கம்பெனிக்கு அதில் ஒரு சென்டிமோ வராது, போகவும் போகாது. பேரேட்டில் பேர் மட்டும் மாறும். பணம் நேராக உனக்கு. நூற்றெழுபது வரை தருகிறார்கள். சிமெண்ட் வீடு வராது. கூரை வரும்.

டான் அமாதேயோ என்னைப் பார்த்தால் இப்போது தொப்பியைக் கழற்றுகிறார். நெற்றியில் வீக்கம் எதுவும் தெரியவில்லை, மெர்லீனிடம் சொல்.

அக்கா


புந்தாரேனாஸ்,
20 செப்டம்பர் 1966

துரோகி எவேலியோவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முதல் பொதுக்குழு. வலை உலர்த்தும் கொட்டகையில் வைத்தோம், அலுவலகம் போதவில்லை. கணக்கு வாசித்தேன், கை தட்டினார்கள். லாபத்தைப் பிரிக்காமல் இந்த வருடம் இரண்டாவது தண்ணீர்த் தொட்டிக்கு ஒதுக்கலாம் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவது தீர்மானம் என்று ஃபிலொமேனா எழுந்தாள். என் தாளில் மூன்றுதான் இருந்தது. அவள் கையில் வேறு தாள். "மேலாளருக்கு மாசச் சம்பளம் நிர்ணயிக்கணும். வருஷத்துக்கு மூணு வாரம் சம்பளத்தோட லீவும் குடுக்கணும். அந்த லீவ எடுத்தே ஆகணும்."

நான் எழுந்து எதிர்த்தேன். நான் இல்லாமல் யார் மெஷினைப் பார்ப்பது, யார் பில் போடுவது என்றெல்லாம் சொன்னேன். ஒருவன் பின்னாலிருந்து, "அப்போ நாங்க போட்ட பணம் மெஷினுக்கா, உங்களுக்கா?" என்றான். நிக்கானோர், என் நிக்கானோர், "நான் பாத்துக்கறேன்மா" என்றான்.

ஓட்டுக்கு விடுங்கள் என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. என்னிடம் முந்நூறு. உன் இருநூற்றைம்பது எனக்குத்தான் என்று நினைத்தேன். இரண்டும் சேர்ந்தால் பாதிக்கு மேல். அப்போது ஃபிலொமேனா ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தாள். உன் கையெழுத்து. "என் இருநூற்றைம்பது ஓட்டையும் இவர் போடுவார்." மே மாதமே எழுதத் தொடங்கிவிட்டீர்களாமே ஒருவருக்கொருவர்!

எழுநூறுக்கு முந்நூறு. அப்பா தொடங்கிய கம்பெனியில், நான் பதினொரு வருடம் நடத்திய கம்பெனியில், நானே கூட்டிய கூட்டத்தில் தோற்றுப்போனேன். கொட்டகை முழுக்க ஆரவாரம். வக்கீல் கெசாடா குனிந்து, "எல்லாம் சட்டப்படி சரிதான்" என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு பசித்தது. இரண்டு மீன் பொரித்துச் சாப்பிட்டேன். இவ்வளவு நாள் இந்த ஆலை நின்றுவிட்டால் அது என் ஒருத்தியின் தலையில்தான் என்று இருந்தது. இப்போது ஐம்பது தலை இருக்கிறது. சாப்பிடும்போதுதான் அது உறைத்தது.

ஆனாலும் நான் லீவு எடுக்கப்போவதில்லை. எங்கே போவேன்? எனக்கு யாரைத் தெரியும்?

ஓதீலியா


லிமோன்,
28 செப்டம்பர் 1966

மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் கம்பெனியில் இருநூற்றைம்பது பங்குகள் வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பொதுக்குழுவின் நாலாவது தீர்மானத்தை நீங்கள் நிறைவேற்றப்போவதில்லை என்று கேள்விப்பட்டேன். பொதுக்குழு முடிவை மீற மேலாளருக்கு அதிகாரம் இல்லை என்று என் வக்கீல் சொல்கிறார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

சான் ஹோசேயிலிருந்து ரயில் காலையில். ஆறு தெரியும் பக்கமாக உட்கார். நடுவில் நிறுத்தங்களில் விற்பதை எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுவிடாதே, மெர்லீன் இப்போதே தேங்காய்ப்பால் சோற்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். மாலையில் வந்து சேர்வாய். நாங்கள் நாலு பேரும் நிலையத்தில் நிற்போம். சின்னவள் உன்னைப் பார்த்ததே இல்லை, "அத்த உசரமா, குட்டையா?" என்று தினம் கேட்கிறாள். நான் உயரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், காப்பாற்று.

இந்தப் பக்கத்துக் கடலில் நீ ஒரு நாள்கூடக் கால் நனைத்ததில்லை, அக்கா. மூன்று வாரம். ஒருநாள் குறைந்தாலும் அடுத்த பொதுக்குழுவில் கேள்வி கேட்பேன்.

எவேலியோ